ரோல் மட்டும் போதாது: சிஆர்எம் மென்பொருளில் அனுமதி எங்கே தீர்மானமாகிறது

"அந்த வாடிக்கையாளரின் பக்கம் எனக்கு மட்டும் திறக்கவில்லை" என்று விற்பனைப் பிரிவிலிருந்து ஒரு புகார் வருகிறது. சிஆர்எம் எனப்படும் வாடிக்கையாளர் உறவு மேலாண்மை மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் நிர்வாகி என்ன செய்வார்? பெரும்பாலும் பயனர் பட்டியலைத் திறந்து, புகார் சொன்னவருக்கு இன்னும் ஒரு ரோலை, அதாவது ஒரு பொறுப்புக்குரிய அனுமதிகளின் தொகுப்பை, சேர்த்துவிடுவார். பக்கம் திறந்துவிடும், புகாரும் முடிந்துவிடும். இப்படியே இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடினால் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்ற நிலை வந்து நிற்கும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. பக்கம் ஏன் திறக்கவில்லை என்ற கேள்விக்கான பதில் ரோல் திரையில்தான் இருக்கும் என்று நம்பியதன் விளைவு.

பதில் அங்கே பாதிதான் இருக்கிறது. பதிவின் உரிமையாளர் யார், அவர் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர், நிறுவனம் முழுவதற்குமாக வைக்கப்பட்ட அமைப்புகள் என்னென்ன என்பவற்றோடு சேரும்போதுதான் ரோலுக்குப் பொருளே வருகிறது. ரோலை எந்த நாளும் மாற்றிக்கொள்ளலாம். மற்றவற்றில் பல, வைத்தால் வைத்ததுதான். ஆனால் நடைமுறை தலைகீழாக இருக்கிறது. ரோல் கட்டங்களை நிரப்ப நாட்கணக்கில் உட்காருகிறார்கள்; அடிப்படை நாணயத்தை நிறுவுகிற அவசரத்தில் ஒரே சொடுக்கில் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸின் அமைப்பை வைத்தே பேசுகிறது. அனுமதிக் கணக்கு அங்கேதான் ஒளிவுமறைவின்றி ஒரு கட்டப்பலகையாகக் கண்முன் நிற்கிறது. சேல்ஸ்ஃபோர்ஸ் போன்ற மற்ற சிஆர்எம் மென்பொருள்கள் வேறு வழியில் போகும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

பதவியும் உரிமையாளரும்

அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் அவர் வகிக்கும் பொறுப்புக்குக் கொடுப்பது என்ற முறையை முறையான மாதிரியாக வகுத்தவர்கள், அமெரிக்காவின் என்ஐஎஸ்டி என்ற தேசியத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஃபெராயோலோவும் ரிச்சர்ட் குனும். அது 1992-இல். 2004-இல் அந்த நாட்டின் தேசியத் தரமாகவும் அது ஏற்கப்பட்டது. ஆள் மாறினாலும் பொறுப்பு மாறாது; புதிதாக வருபவருக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்தால் வேலை முடிந்தது. சம்பளப் பட்டியல், கிடங்கு இருப்பு போன்றவற்றுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. கணக்கர் ஒருவர் சம்பளப் பட்டியலைப் பார்க்கலாம் அல்லது பார்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் மேலாண்மையில் இந்தக் கணக்கு இடறுகிறது. ஒரே பதவியில், ஒரே ரோலோடு இரண்டு விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். முதலாமவரின் வாடிக்கையாளரை இரண்டாமவர் பார்க்கக்கூடாது. இருவருக்கும் அனுமதி ஒன்றுதான், கண்ணில் படவேண்டிய பதிவுகள் மட்டும் வேறு. ஆகவே சிஆர்எம் மென்பொருள்கள் ரோலோடு இன்னொன்றையும் சேர்த்தன. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. "இவர் திருத்தலாமா?" என்பதோடு "யாருடைய பதிவை?" என்றும் மென்பொருள் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்கிறது.

டைனமிக்ஸின் கட்டப்பலகையில் இரண்டும் தெரியும். இடப்பக்கம் கீழ்நோக்கி அட்டவணைகள்: வாடிக்கையாளர் கணக்கு, தொடர்பு, விற்பனை வாய்ப்பு, புகார் என்று நீண்டுகொண்டே போகும். மேலே குறுக்காக எட்டு உரிமைகள்: உருவாக்கல், வாசித்தல், திருத்தல், நீக்கல், அப்பெண்ட், அப்பெண்ட் டூ, ஒப்படைத்தல், பகிர்தல். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் ஒரு வட்டம். அது நிரம்ப நிரம்ப எல்லை விரிகிறது. வெற்று வட்டம் என்றால் அனுமதியே இல்லை. அடுத்தது தன் பதிவுகள் மட்டும். அதற்கடுத்து தன் வணிகப் பிரிவின் பதிவுகள். பிறகு அந்தப் பிரிவும் அதன் கீழுள்ள துணைப்பிரிவுகளும். முழு வட்டம் என்றால் நிறுவனம் முழுவதும்.

சில அட்டவணைகளுக்கு மட்டும் இடைப்பட்ட நிலைகள் வருவதேயில்லை. வெற்று வட்டம் அல்லது முழு வட்டம், இரண்டே இரண்டு. அந்த அட்டவணையை உருவாக்கியபோது உரிமை "நிறுவனத்துக்கு" என்று குறித்திருப்பார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் தனி உரிமையாளர் கிடையாது என்பதால் "தன் பதிவுகள் மட்டும்" என்று சொல்ல அங்கே வழியில்லை. இந்தத் தேர்வைப் பின்னால் மாற்ற முடியாது. புதிய அட்டவணையை உருவாக்கி, தரவை அதற்கு மாற்றி, படிவங்களையும் அறிக்கைகளையும் திரும்ப அமைக்க வேண்டும். "எல்லோரும் பார்க்கட்டுமே, இதில் என்ன ரகசியம்" என்று முதல் வாரத்தில் நினைத்து வைத்த அட்டவணையில் பிற்பாடு ஒப்பந்தத் தொகை வந்து உட்காரும்போதுதான் இது உறைக்கும்.

எட்டு உரிமைகளில் ஆறு, பெயரைப் பார்த்தாலே புரிந்துவிடும். புதிய நிர்வாகிகளை அலைக்கழிப்பவை அப்பெண்டும் அப்பெண்ட் டூவும்தான். சேவைப் பிரிவு ஊழியர் ஒரு புகாரைப் பதிகிறார் என்று வைத்துக்கொள்வோம். புகாரை உருவாக்க அவருக்கு அனுமதி உண்டு. வாடிக்கையாளர் கணக்கை வாசிக்கவும் உண்டு. புகாரில் வாடிக்கையாளர் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால், "உங்களுக்குப் போதிய அனுமதி இல்லை" என்ற செய்தி வந்து நிற்கிறது. நிர்வாகி ரோலைத் திறந்து பார்க்கிறார். உருவாக்கல் இருக்கிறது, வாசித்தல் இருக்கிறது. தலையைச் சொறிகிறார். நடந்தது என்னவென்றால், புகாரை ஒரு கணக்கோடு இணைக்கும்போது இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும். இணைக்கப்படும் பதிவான புகாரின் மேல் அப்பெண்ட், அதை ஏற்றுக்கொள்ளும் பதிவான கணக்கின் மேல் அப்பெண்ட் டூ. பிழைச் செய்தியின் விவரத்தைத் தரவிறக்கிப் பார்த்தால் எந்த உரிமை குறைகிறது என்று அதன் பெயரே இருக்கும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பொறுமை இழந்த நிர்வாகி கணக்கு வரிசையில் எல்லா வட்டங்களையும் முழுதாக்கிவிடுகிறார். இணைக்க மட்டும் அனுமதி கேட்டவருக்கு நீக்கும் உரிமையும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது.

கூடுமே தவிரக் குறையாது

ஒருவருக்கு இரண்டு ரோல்கள் இருக்கின்றன. ஒன்றில் விற்பனை வாய்ப்பை வாசிக்கும் எல்லை "தன் பதிவுகள்", மற்றொன்றில் "நிறுவனம் முழுவதும்". எது செல்லும்? டைனமிக்ஸில் பெரியதுதான் செல்லும். ரோல்கள் ஒன்றோடொன்று கூடுகின்றன. ஒரு ரோல் கொடுத்ததை இன்னொரு ரோலால் பறிக்க முடியாது. "இவருக்கு இது கூடாது" என்று எழுத அந்தப் பலகையில் இடமே இல்லை. கட்டுப்பாடு விதிப்பதற்கென்றே ஒரு ரோல் தயாரித்து, அதைப் பயனருக்குச் சேர்த்துவிட்டு, ஏன் வேலை செய்யவில்லை என்று குழம்புபவர்கள் நிறையப் பேர்.

இதை மென்பொருளின் குறை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இதற்குப் பின்னால் பழைய, நல்ல யோசனை ஒன்று இருக்கிறது. 1975-இல் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் கணினிப் பாதுகாப்புக்கு வகுத்த எட்டுக் கோட்பாடுகளில் ஒன்று, தொடக்க நிலை எப்போதும் மறுப்பாகவே இருக்க வேண்டும், அனுமதி என்பது வெளிப்படையாகக் கொடுக்கப்பட வேண்டும் என்கிறது. எதைத் தடுக்க வேண்டும் என்று பட்டியல் போட்டால் ஏதாவது ஒன்று விடுபடும், விடுபட்டது திறந்தே கிடக்கும். எதை அனுமதிக்க வேண்டும் என்று பட்டியல் போட்டால், விடுபட்டது மூடிக் கிடக்கும். வேண்டியவர் வந்து கேட்பார்.

சேல்ஸ்ஃபோர்ஸும் இதே திசையில்தான் போகிறது, ஆனால் தொடங்கும் இடம் வேறு. ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் நிறுவனம் முழுவதற்குமான ஓர் இயல்புநிலையை முதலில் வைக்க வேண்டும். அதைத் தனிப்பட்டது என்றோ, எல்லோரும் வாசிக்கலாம் என்றோ, எல்லோரும் திருத்தலாம் என்றோ வைக்கலாம். அதற்கு மேல் பதவிப் படிநிலை, பகிர்வு விதிகள், அனுமதித் தொகுப்புகள் எல்லாம் அடுக்கடுக்காகத் திறந்துவிடும். இயல்புநிலையை "எல்லோரும் திருத்தலாம்" என்று வைத்துவிட்டு, பகிர்வு விதிகளால் இறுக்கப் பார்ப்பது வீண்வேலை. அந்த விதிகளுக்குத் திறக்கத்தான் தெரியும். ஆக, யாருக்கு மிகக் குறைவாகத் தெரிய வேண்டுமோ அந்த ஒருவரை மனத்தில் வைத்தே இயல்புநிலையைத் தீர்மானிக்க வேண்டும்.

எல்லா மென்பொருளும் இப்படி என்று எண்ணிவிட வேண்டாம். சுகர்சிஆர்எம்மில் ஒருவருக்கு இரண்டு ரோல்கள் இருந்தால் இறுக்கமான ரோலே வெல்லும். அதன் வழியில் பிறந்த சூட்சிஆர்எம்மிலோ உரிமைகளைக் கூட்டிக் கணக்கிட ஒரு தேர்வுப்பெட்டி இருக்கிறது; அதை இயக்கினால் தாராளமான ரோல் வெல்லும். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நிறுவனங்கள் ரோல்களை அப்படியே பெயர் மாற்றாமல் கொண்டுபோவது வழக்கம். பழைய இடத்தில் பூட்டாக இருந்தது புதிய இடத்தில் சாவியாக மாறிவிடும். பெயர் ஒன்றாகவே இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

கூட்டல் கணக்கு என்று தெரிந்த பிறகு ரோல்களை எப்படி அமைப்பது என்பது ஓரளவு தானாகவே தெளிவாகும். எல்லோருக்கும் பொதுவான, மிகக் குறைந்த அனுமதியுள்ள அடித்தள ரோல் ஒன்று. அதன் மேல் வேலைக்கேற்ற சிறு ரோல்கள். அடித்தள ரோலை வெற்றுப் பலகையிலிருந்து தொடங்காதீர்கள். மென்பொருளுக்குள் நுழையவும், தன் அமைப்புகளைப் படிக்கவும், படிவங்களை வரவழைக்கவும் கண்ணுக்குத் தெரியாத பல சிறு உரிமைகள் தேவைப்படுகின்றன. அவற்றில் ஒன்று குறைந்தாலும் பயனருக்கு வெள்ளைத் திரைதான். இதற்கென்றே குறைந்தபட்ச உரிமைகளோடு ஒரு ரோலை மைக்ரோசாஃப்டே தருகிறது. அதை நகலெடுத்துத் தொடங்குவது பத்திரமானது. "விற்பனை மேலாளர்" போன்ற பெரிய ரோலை நகலெடுத்து, வேண்டாதவற்றைக் களைந்துகொள்ளலாம் என்பவர்கள் பாதியில் களைத்துப்போய் விட்டுவிடுவார்கள்.

இன்னொன்று. புதிதாக ஓர் அட்டவணையை உருவாக்கினால், அமைப்பு நிர்வாகி, அமைப்பு மாற்றுநர் ஆகிய இரண்டு ரோல்களுக்கும் மட்டும் அதன் மேல் தானாக அனுமதி கிடைக்கும். மற்ற எந்த ரோலுக்கும் கிடைக்காது. அட்டவணையை உருவாக்கியவர் தன் கணக்கிலேயே சோதித்துப் பார்க்கிறார். எல்லாம் அருமையாக ஓடுகிறது. மறுநாள் காலை ஊழியர்கள் யாருக்கும் அந்தப் பகுதியே தெரிவதில்லை. நிர்வாகி கணக்கில் செய்யும் சோதனையை நான் சோதனை என்றே ஏற்பதில்லை. ஒவ்வொரு ரோலுக்கும் ஒரு பரிசோதனைப் பயனர் வேண்டும். அந்தப் பயனருக்கு அந்த ஒரு ரோல் மட்டும் இருக்க வேண்டும். பார்க்க வேண்டியது தெரிகிறதா என்பதோடு, பார்க்கக்கூடாதது தெரியாமல் இருக்கிறதா என்பதையும் தேடிப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தெரியாத ஒன்றைப் பற்றி யாரும் புகார் எழுதுவதில்லை அல்லவா?

வணிகப் பிரிவு, நிறுவன வரைபடம் அல்ல

வணிகப் பிரிவுகளை அமைக்கச் சொன்னால், மனிதவளத் துறையிலிருந்து நிறுவன வரைபடத்தை வாங்கி, அதிலுள்ள பெட்டிகளை எல்லாம் அப்படியே மென்பொருளில் வரைந்துவிடுவது பலரின் முதல் உந்துதல். டைனமிக்ஸில் வணிகப் பிரிவு என்பது தரவுக்கு நடுவே எழுப்பும் சுவர். யார் யாருக்குக் கீழே வேலை செய்கிறார் என்று காட்ட அது ஏற்பட்டதல்ல. எங்கே சுவர் தேவையில்லையோ அங்கே பிரிவும் தேவையில்லை. இரு குழுக்களும் ஒருவர் பதிவை மற்றவர் பார்க்கலாம் என்றால் அவர்கள் ஒரே பிரிவில் இருப்பதே நல்லது.

எல்லாப் பிரிவுகளுக்கும் மேலே இருக்கும் வேர்ப் பிரிவை நீக்கவோ முடக்கவோ முடியாது. ஒரு பயனர் ஒரு பிரிவில்தான் இருக்க முடியும். நீண்ட காலமாக இருந்துவந்த விதிப்படி, ஒருவரை வேறு பிரிவுக்கு மாற்றினால் அவருடைய ரோல்கள் அனைத்தும் கழன்றுவிடும். புதிதாகக் கொடுக்க வேண்டும். பிற்காலத்தில் இதைத் தளர்த்த வழிகள் வந்தன. ஆனாலும் பழைய நிறுவல்களில் மாலையில் ஒருவரை இடம் மாற்றிவிட்டு, மறுநாள் அவர் உள்ளே நுழையவே முடியாமல் நிற்பது இன்றும் நடக்கிறது.

முதலில் பகுதிவாரியாகப் பிரிப்பார்கள். வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு பிரிவுகள், ஒழுங்காக ஓடும். பிறகு பொருள்வாரியாக ஒரு சிறப்புக் குழு வரும். நான்கு பகுதிகளிலும் ஒரு பொருளை மட்டும் விற்கும் குழு. எந்தப் பிரிவில் போட்டாலும் மற்ற மூன்றும் தெரியாது. இப்போது எளிய வழி, அந்தக் குழுவினருக்கு "நிறுவனம் முழுவதும்" என்ற எல்லையைக் கொடுத்துவிடுவது. அதோடு நான்கு சுவர்களும் அவர்களைப் பொறுத்தவரை இல்லாமல்போகும். சரியான வழி குழுக்கள். ஒரு குழுவுக்கே பதிவுகளை உரிமையாக்கலாம், அல்லது ஒவ்வொரு விற்பனை வாய்ப்புக்கும் தனியாக ஓர் அணுகல் குழுவை அமைத்துச் சம்பந்தப்பட்டவர்களை மட்டும் சேர்க்கலாம். அணுகல் குழு 2013 பதிப்பில் வந்த வசதி.

மேலாளர்களுக்கென்று 2015 பதிப்பில் படிநிலைப் பாதுகாப்பு வந்தது. இது வந்த பிறகு, மேலாளர் தன் ஊழியர்களின் பதிவுகளைப் பார்ப்பதற்காகவே பிரிவுகளை உடைக்க வேண்டிய தேவை போய்விட்டது. தனக்கு நேரடியாகக் கீழுள்ளவர்களின் பதிவுகளை மேலாளர் திருத்தலாம். அதற்கும் கீழே இருப்பவர்களுடையதை வாசிக்க மட்டும் முடியும். எத்தனை படிகள் கீழே போகலாம் என்பதும் ஓர் அமைப்புதான். இயக்குநருக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்று அதைக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு தேடலும் மெதுவாகும். இயக்குநருக்குத் தேவை அறிக்கை. ஆயிரக்கணக்கான பதிவுகளைத் தனித்தனியாகத் திறந்து அவர் என்ன செய்யப்போகிறார்?

பகிர்தலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், அவசரத்துக்கு நல்லது, பழக்கமானால் கெட்டது. ஒரு பதிவைப் பகிர்ந்தால் அது தனி அட்டவணையொன்றில் வரியாகச் சேர்கிறது. தேவை முடிந்ததும் யாரும் திரும்பப் பெறுவதில்லை. வாடிக்கையாளர் கணக்கைப் பகிர்ந்தால், இயல்பான அமைப்பில் அதன் கீழுள்ள வாய்ப்புகள், புகார்கள், குறிப்புகள் எல்லாம் சேர்ந்தே பகிரப்படும். அந்த அட்டவணை சத்தமில்லாமல் பெருத்துக்கொண்டே போகும்.

ஒப்படைப்பதிலும் இதே அருவி விளைவு உண்டு. இதன் பாதிப்பைப் பலர் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார்கள். ஒரு விற்பனையாளர் வேலையை விட்டுப் போகிறார். அவருடைய கணக்குகளை இன்னொருவருக்கு ஒப்படைக்கிறார் நிர்வாகி. கணக்கோடு சேர்ந்து அதன் கீழுள்ள எல்லா விற்பனை வாய்ப்புகளும் புதியவர் பெயருக்கு மாறுகின்றன. முடிந்துபோன, போன ஆண்டே வென்ற வாய்ப்புகளும் அடக்கம். அடுத்த முறை யார் எவ்வளவு விற்றார் என்ற அறிக்கையை எடுத்தால், வேலையில் சேர்ந்து ஒரு மாதமே ஆனவர் போன ஆண்டு முழுவதும் விற்றுத் தள்ளியிருப்பார்! ஊக்கத்தொகை அந்த அறிக்கையைப் பார்த்துக் கொடுக்கப்படுமானால் சண்டை நிச்சயம். கணக்குக்கும் வாய்ப்புக்கும் இடையிலான உறவின் அமைப்பில், "செயல்பாட்டில் இருப்பவை மட்டும்" மாறட்டும் என்று தேர்ந்தெடுக்க இடம் உண்டு. அது ரோல் திரையில் இல்லை; அட்டவணைகளின் உறவுகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

மறைத்தது பூட்டியதாகாது

ஒரு புலத்தை, அதாவது பதிவில் ஒரு தகவலை நிரப்பும் இடத்தை, எல்லோரும் பார்க்கக்கூடாது என்றால், அதைப் படிவத்திலிருந்து எடுத்துவிடுவது நிர்வாகிகளின் வழக்கமான பதில். படிவத்தில் தெரியாது, உண்மைதான். அதே பயனர் மேம்பட்ட தேடலைத் திறந்து, அந்தப் புலத்தைப் பத்தியாகச் சேர்த்து, எக்ஸெல்லுக்கு ஏற்றுமதி செய்தால் அத்தனை மதிப்பும் வரிசையாக வந்துவிடும். புலத்தை உண்மையிலேயே பூட்ட, புலப் பாதுகாப்பு என்ற தனி வசதி 2011 பதிப்பில் வந்தது. யார் வாசிக்கலாம், உருவாக்கும்போது யார் நிரப்பலாம், யார் திருத்தலாம் என்று மூன்றையும் தனித்தனியாக வைக்கலாம். அமைப்பு நிர்வாகிக்கு மட்டும் எந்தப் பூட்டும் கிடையாது.

எக்ஸெல் ஏற்றுமதியே ஒரு தனி உரிமை. ரோல் பலகையில் அட்டவணைகளுக்குக் கீழே தனியாக இருக்கும். மொத்தமாக நீக்குவது, மொத்தமாகத் திருத்துவது, இன்னொருவர் சார்பில் செயல்படுவது எல்லாம் அங்கேயே. வாடிக்கையாளர் பட்டியலை எடுத்துக்கொண்டு போகிறவர் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து எழுதி எடுப்பதில்லை. ஒரே பொத்தான் போதும். அந்தப் பொத்தான் யார் யாரிடம் இருக்கிறது என்று இன்றே ஒருமுறை பார்ப்பது, கட்டப்பலகை முழுவதையும் மறுபரிசீலனை செய்வதைவிடப் பயன் தரும்.

மற்றொரு பெரிய ஓட்டை, மனிதர்கள் பயன்படுத்தாத கணக்குகள். இணையதளப் படிவம், கணக்கியல் மென்பொருள், மின்னஞ்சல் சேவை என்று ஒவ்வொன்றும் சிஆர்எம்மோடு பேச ஒரு பயனர் கணக்கைப் பயன்படுத்துகிறது. இணைத்துக் கொடுக்க வந்தவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அதற்கு அமைப்பு நிர்வாகி ரோலைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். தொடர்புப் பதிவுகளை உருவாக்க மட்டுமே வேண்டிய ஒரு நிரலிடம் மொத்த வீட்டின் கொத்துச் சாவி. இணையப் பயன்பாடுகளின் பாதுகாப்பு ஆபத்துகளைப் பட்டியலிடும் ஓவாஸ்ப் அமைப்பு, 2017-இல் ஐந்தாம் இடத்தில் வைத்திருந்த அணுகல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளை 2021-இல் முதலிடத்துக்கு ஏற்றியது. இதில் ஆச்சரியப்பட எனக்கு எதுவும் இல்லை.

வணிக அமைப்புகள்

அடிப்படை நாணயம், மொழி, நிதியாண்டு, வேலைநேரம், விடுமுறை, தானியங்கி எண்கள் எல்லாம் பாதுகாப்போடு தொடர்பில்லாதவை போலத் தோன்றும். இவற்றில் எவை மீளாதவை என்று தெரிந்துகொள்வது முதல் வேலை.

டைனமிக்ஸில் அடிப்படை நாணயத்தையும் அடிப்படை மொழியையும் நிறுவிய பிறகு மாற்ற முடியாது. வேறு நாணயங்களைச் சேர்க்கலாம், வேறு மொழிகளை இயக்கலாம். அடிப்படை மட்டும் மாறாது. சேல்ஸ்ஃபோர்ஸில் பல நாணய வசதியை ஒருமுறை இயக்கிவிட்டால் அணைக்க முடியாது. தனிப்பயன் நிதியாண்டும் அப்படித்தான். "என்னதான் இருக்கிறது பார்ப்போமே" என்று தொட்டுப் பார்க்கிற இடமல்ல இது. முதலில் சோதனைச் சூழலில் இயக்கிப் பார்க்க வேண்டும்.

நாணய மாற்று விகிதம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. டைனமிக்ஸில் ஒரு விற்பனை வாய்ப்பை வேறு நாணயத்தில் பதிந்தால், அன்றைய விகிதம் அந்தப் பதிவிலேயே எழுதப்படுகிறது. தொகையை அந்த விகிதத்தால் வகுத்து அடிப்படை நாணய மதிப்பும் சேமிக்கப்படுகிறது. விகிதம் 1.25 என்றால் 10,000 என்ற தொகை 8,000 ஆகும். மறுவாரம் நிர்வாகி விகிதத்தை 1.60 என்று மாற்றுகிறார். பழைய பதிவு 8,000-இலேயே நிற்கும். புதிதாகப் பதியும் அதே 10,000 இப்போது 6,250. பழைய பதிவின் தொகையை யாராவது தொட்டுத் திருத்தினால், அன்றைய விகிதம் அதில் ஏறிக்கொள்ளும். காலாண்டு மொத்தம் இரண்டு விகிதங்களின் கலவையாக வரும். இது பிழையல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஆனால் கணக்குப் பிரிவின் எண்ணோடு விற்பனைப் பிரிவின் எண் ஒத்துவராதபோது யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை.

தேதிகளில் இன்னொரு பொறி. "பயனரின் உள்ளூர் நேரம்" என்ற இயல்பில் உள்ள தேதிப் புலம், பார்ப்பவரின் நேர மண்டலத்துக்கு ஏற்பத் தன் முகத்தை மாற்றிக்கொள்ளும். கூட்டத்துக்கு அது சரி. பிறந்தநாளுக்கு? ஒரு மண்டலத்தில் பதிந்த பிறந்தநாள், இன்னொரு மண்டலத்தில் ஒரு நாள் முன்னதாகத் தெரியும். "தேதி மட்டும்" என்ற இயல்புக்கு மாற்றலாம். மாற்றிய பிறகு திரும்ப வர முடியாது. தானியங்கி எண்களுக்கு இவ்வளவு கவலை வேண்டாம். முன்னொட்டை மாற்றினால் இனி வரும் பதிவுகளுக்குத்தான், பழையவை அப்படியே இருக்கும்.

இனித்தான் ரோலும் அமைப்பும் கைகோக்கும் இடம். ரோல் பலகையில் "வணிக மேலாண்மை" என்றொரு தாவல் உண்டு. நாணயம், பயனர்கள், ரோல்கள் எல்லாம் அங்கே வரிசைகளாக இருக்கும். நிதியாண்டு நாட்காட்டி, விடுமுறைகள் போன்றவற்றைத் தொடும் உரிமைகளும் ரோல் பலகைக்குள்ளேயேதான் அடங்கும். விற்பனை, சேவை தாவல்களை மணிக்கணக்கில் அலசுபவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாணயத்துக்குத் தனி உரிமையாளர் கிடையாது. அனுமதி என்றால் முழு வட்டம்தான். நாணய வரிசையில் திருத்தும் வட்டம் நிரம்பியிருக்கும் ஒரு ரோலைப் பெற்ற எவரும் விகிதத்தை மாற்றலாம், அன்று முதல் நிறுவனம் முழுவதும் புதிதாகப் பதியும், திருத்தும் தொகைகளின் அடிப்படை மதிப்பு மாறும். ரோல்களை ஒப்படைக்கும் உரிமையும் இதே தாவலில் இருக்கிறது. ஒரு வாடிக்கையாளர் பதிவை இழப்பதைவிட இங்கே ஒரு வட்டம் தவறுவது பெரிய சேதம். நான் ஒரு நிறுவலைப் பரிசோதிக்க உட்கார்ந்தால் முதலில் திறப்பது இந்தத் தாவலைத்தான்.

தணிக்கையும் ஓர் அமைப்புதான். நிறுவன அளவில், அட்டவணை அளவில், புல அளவில் என்று மூன்று இடங்களிலும் இயங்கினால்தான் ஒரு மாற்றம் பதிவாகும். மேலே இயக்கிவிட்டு, அட்டவணையில் மறந்தால் ஒன்றும் மிஞ்சாது. இயக்கிய நாளிலிருந்துதான் வரலாறு. விகிதத்தை யார் மாற்றினார் என்று கேள்வி எழுந்த பிறகு இயக்கிப் பயனில்லை.

வேலையின் வரிசையை நான் இப்படி வைப்பேன்: மீளாத அமைப்புகள் முதலில், ஒவ்வோர் அட்டவணைக்கும் உரிமை வகை அடுத்து, சுவர் தேவைப்படும் இடத்தில் மட்டும் பிரிவுகள், கடைசியில் ரோல். பயனர் ஒருவருக்குப் பதிவு ஏன் தெரிகிறது, ஏன் தெரியவில்லை என்று கேள்வி வந்தால், பதிவின் மேல்பட்டையிலேயே அணுகலைச் சரிபார்க்கும் பொத்தான் இருக்கிறது. ரோல் வழியாகவா, குழு வழியாகவா, பகிர்வு வழியாகவா என்று அது காட்டிவிடும். ரோலைச் சேர்ப்பதற்கு முன்னால் அதை ஒருமுறை அழுத்துவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்குகளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸில் பயனரை நீக்க முடியாது, செயலிழக்கச் செய்யலாம். அவர் புதிய விற்பனை விசாரணைகளின் இயல்பான உரிமையாளராகவோ தானியங்கிப் பணிகளின் இயல்பான பயனராகவோ குறிக்கப்பட்டிருந்தால் அதற்கும் மென்பொருள் இடம் தராது. அந்தக் குறிப்பை மாற்றும்வரை கணக்கை உறைய வைத்து நுழைவை மட்டும் தடுக்கலாம். டைனமிக்ஸில் கணக்கை உடனே முடக்கிவிடலாம், தடையேதும் வராது. ஆனால் அவர் பெயரில் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த பணியோட்டங்கள் அன்றோடு தோற்கத் தொடங்கும். எனவே முடக்குவதற்கு முன் அவருக்கு உரிமையான பணியோட்டங்களைத் தேடி எடுத்து, ஒரு சேவைக் கணக்குக்கு மாற்ற வேண்டும்; திறந்திருக்கும் வாய்ப்புகளைப் புதியவருக்கு ஒப்படைக்க வேண்டும்; முடிந்தவற்றை அவர் பெயரிலேயே விட்டுவைக்க வேண்டும்.